கதிர்முடிக் கஷாயமும் கரையாத கல்லும்

ஆந்திரத்துப் பாகாலாவில் ஒருவருக்கு விலாவுக்குக் கீழே வலி கிளம்பி, ஸ்கேனில் கல் என்று வந்துவிட்டால், அவர் வீடு திரும்புவதற்குள் வைத்தியம் வாசலில் வந்து நிற்கிறது. முன்பு அது கொண்டபிண்டி ஆக்கு. தமிழ் பேசும் வீடுகளில் சிறுபீளை என்போம். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அதே செடி. அப்புறம் வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம். இப்போது சில வருஷங்களாக இவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு மக்காச்சோளக் கதிரின் முடி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. தெலுங்கில் பீச்சு. கதிர் வாங்கும்போதே அதைத் தூக்கிப் போட வேண்டாம், தனியாகக் கட்டிக் கொடு என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. காயவைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர்.

இதற்கு ஆதாரமாகச் சுற்றி வரும் வாட்ஸ்அப் செய்தி தெலுங்கிலும் தமிழிலும் ஏறக்குறைய ஒரே பாடம்தான். சீனர்கள் ஐயாயிரம் வருஷமாக இதைக் குடித்துத்தான் கிட்னியைக் காப்பாற்றிக்கொள்கிறார்களாம். எந்தக் கல்லாக இருந்தாலும் கரைந்து ஒன்றுக்கோடு போய்விடுமாம். செடியிலிருந்து வருவதால் கெடுதலே கிடையாதாம். ஆஸ்பத்திரிக்காரன் இதைச் சொல்ல மாட்டான், சொன்னால் அவன் பிழைப்பு போய்விடுமாம். அனுப்புகிறவர்களில் வாத்தியார்கள் இருக்கிறார்கள், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவர்களும் இருக்கிறார்கள். மறுத்துப் பேசினால் மருந்துக் கம்பெனி உனக்கு எவ்வளவு கொடுத்தது என்று கேட்பார்கள். கேட்கட்டும். சிறுபீளையும் நெருஞ்சிலும் என் வீட்டிலும் கொதித்தவைதான். மூலிகையோடு எனக்கு வழக்கு இல்லை. இந்தச் செய்தியோடு இருக்கிறது.

முதலில் அந்த ஐயாயிரம் வருஷம். மக்காச்சோளம் மெக்ஸிகோவில் பிறந்த பயிர். அங்கே பால்ஸாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசின்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். 1492இல் கொலம்பஸ் கடல் தாண்டும் வரை அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே அதை யாரும் பயிரிட்டதற்கு உறுதியான சான்று இல்லை. சீனாவின் ஊர்ப்பதிவுகளில் அது தலைகாட்டுவது 16ஆம் நூற்றாண்டில். ஐயாயிரம் வருஷத்துக்கு முன் சீனத்தில் கதிரே இல்லை என்னும்போது முடி எங்கிருந்து வந்தது?

சீன மருத்துவத்தின் மாபெரும் மூலிகைத் தொகுப்பு லி ஷிஜென் எழுதியது. 1578இல் எழுதி முடித்தார். அச்சாகி வந்தது 1596இல், அவர் இறந்த பிறகு. அதில் மக்காச்சோளத்துக்கு ஒரு பதிவு இருக்கிறது. மேற்குத் தேசத்திலிருந்து வந்த விதை, பயிரிடுகிறவர்கள் குறைவு என்று எழுதுகிறார். அதாவது அவருக்கே அது புதுச் சரக்கு. இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். கதிரின் உறையிலிருந்து வெள்ளைத் தாடி தொங்குவதை அந்த மனிதர் பார்த்திருக்கிறார், வருணித்தும் இருக்கிறார். ஆனால் மருந்து என்று சொல்லும் இடத்தில் அந்தத் தாடி இல்லை. தானியம் வயிற்றுக்கு நல்லது என்கிறார். மணலும் கல்லுமாகச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, தாங்க முடியாமல் வலிக்கிறவர்களுக்கு வேரையும் இலையையும் கொதிக்கவைத்து அடிக்கடி குடிக்கச் சொல்கிறார். வேர், இலை. கூடவே அந்த 'அடிக்கடி'. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விவரம் தெரிந்த சிலர் இங்கே வேறொரு நூலைக் காட்டுவார்கள். யுன்னான் பகுதியைச் சேர்ந்த லான் மாவ் என்பவர் 15ஆம் நூற்றாண்டில் எழுதியதாகச் சொல்லப்படும் மூலிகை நூல் அது. அதில் கதிர்முடி மருந்தாகவே வருகிறது. நம் கைக்குக் கிடைத்திருப்பவை பிற்காலத்துப் பதிப்புகள், இடையில் பலர் கைவைத்தவை என்பதால் அந்தக் காலக்கணக்கை அறிஞர்கள் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. போகட்டும், அசல் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே கதிர்முடி எதற்கு? பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டி மார்பு சிவந்து வீங்கினால் கொடுக்க. கிட்னிக் கல் பேச்சே இல்லை. அதைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் அது என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுக் கூப்பிடலாம்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு வாதம் உண்டு. கர்நாடகத்துச் சோமநாதபுரத்தில் 13ஆம் நூற்றாண்டு ஹொய்சளக் கோயில் சிற்பங்களின் கையில் இருப்பது சோளக்கதிர்தான் என்று கார்ல் ஜோஹான்ஸன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1989இல் எழுதினார். படத்தைப் பார்த்தால் எனக்குமே ஒரு கணம் அப்படித்தான் தோன்றும். இந்திய மக்காச்சோள ஆய்வாளர்கள் அது முத்துகளால் ஆன கற்பனைக் கனி என்று மறுத்தார்கள். மண்ணைத் தோண்டினால் அந்தக் காலத்துக் கதிரின் மிச்சம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதால் மறுத்தவர்கள் பக்கம்தான் கனம் அதிகம். அது கதிராகவே இருந்தாலும், கல்லில் செதுக்கிய கதிர் கல்லைக் கரைக்கும் என்று ஆகிவிடாது.

சிறுநீருக்கான மருந்தாகக் கதிர்முடி பெரும் பேர் வாங்கியதில் அமெரிக்க, பிரெஞ்சு மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சிறுநீர்ப்பை எரிச்சலுக்கு அவர்கள் அதை எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்க மருந்துத் தொகுப்பில் கொஞ்ச காலம் அதிகாரபூர்வமாகவே இடம்பெற்று, பிறகு கழித்துக்கட்டப்பட்டது. வெள்ளைக்காரன் மறைக்கிற ரகசியம் என்று நம்மவர்கள் அனுப்பும் மருந்து, வெள்ளைக்காரன் தன் புத்தகத்தில் எழுதி வைத்து, பயன்படுத்திப் பார்த்து, கைவிட்ட மருந்து.

சரி, பழசாக இல்லாவிட்டால் என்ன, வேலை செய்தால் போதாதா? நியாயமான கேள்வி. வயது ஒரு தகுதியே இல்லை என்பதுதான் என் கட்சியும். நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. நம் பழைய ஏடுகளில் அதைத் தேடிப் பயனில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கு அதை நாட்டு மருந்தாகக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு 1950களில் சோதித்தவர்களுக்குச் சர்க்கரைக்கு மருந்து கிடைக்கவில்லை. ரத்தப் புற்றுநோய்க்குக் கிடைத்தது. இன்றைக்கும் குழந்தைகளுக்கு வின்கிறிஸ்டின் என்ற பெயரில் ஏறுவது அதுதான். சீன மூலிகைக்கு நோபல் பரிசே கிடைக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். தூ யூயூ 2015இல் பரிசு வாங்கினார். 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய கைப்புத்தகத்தில் ஒரு குறிப்பைப் பிடித்து, மலேரியாவுக்கான மருந்தை எடுத்தார். எப்படி எடுத்தார்? வழக்கம்போலக் கொதிக்கவைத்தபோது நம்பகமான பலன் வரவில்லை. அந்தக் குறிப்பில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகித்து, குறைந்த சூட்டில் ஈதரால் பிரித்தார். எலியிலும் குரங்கிலும் பார்த்து, தன் உடம்பிலும் சோதித்து, அதன் பிறகே நோயாளிகளிடம் போனார். பழைய ஏட்டுக்கு அவர் காட்டிய மரியாதை அது. கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு நோபல் பரிசைக் காட்டுவது வேறு.

இனிக் கல்லுக்கு வருவோம். எந்தக் கல்லானாலும் கரையும் என்ற வாக்கியத்தில் 'எந்த' என்ற சொல்லே கதையைக் கெடுக்கிறது. சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானது கால்சியம் ஆக்ஸலேட். அது ஒருமுறை இறுகிவிட்டால் வாய்வழி குடிக்கும் எந்தப் பானத்துக்கும், எந்த மாத்திரைக்கும் கரையாது. ஆங்கில மருத்துவத்திலும் அதைக் கரைக்க மருந்து இல்லை. அதனால்தான் 1980இல் மியூனிக்கில் வெளியிலிருந்து அதிர்வலையால் உடைக்கும் இயந்திரத்தை மனிதர்மீது முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். கரைக்கக்கூடிய கல் ஒன்று உண்டு: யூரிக் அமிலக் கல். சிறுநீரின் புளிப்பைக் குறைத்தால் அது கரையும்; பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து, நாளும் சிறுநீரைச் சோதித்து, வாரக்கணக்கில் செய்கிற வேலை. கிருமியால் உண்டாகும் கல் இன்னொரு ரகம். அது கிட்னிக்குள் கிளைவிட்டு வளரும், உள்ளே சீழையும் வைத்துக்கொண்டிருக்கும், முழுவதும் எடுத்தால்தான் தீரும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே டம்ளர் என்று சொல்கிறவருக்குக் கல் என்றால் என்னவென்றே தெரியவில்லை. சில செய்திகளில் பித்தப்பைக் கல்லையும் கூடச் சேர்த்துவிடுகிறார்கள். பித்தப்பைக்கும் சிறுநீருக்கும் வழியே கிடையாது. அந்தக் கல் கரைந்தாலும் ஒன்றுக்கோடு எப்படிப் போகும்?

கரைக்காவிட்டாலும் சிறுநீரைப் பெருக்கித் தள்ளிவிடும் என்பது அடுத்த நிலைப்பாடு. இதற்குச் சீன மருத்துவத்தின் துணையும் ஓரளவு உண்டு. இன்றைய சீன மருத்துவர்கள் கதிர்முடியை இனிப்பும் சப்பையுமான, சூடும் குளிர்ச்சியும் இல்லாத, சாதுவான சரக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். உடம்பில் நீர் கோத்துக்கொண்டால் இறக்க, மஞ்சள் காமாலைக்குத் துணையாக. கல்லுக்கு அவர்கள் முன்னால் நிறுத்தும் மூலிகைகள் வேறு. சிறுநீரைப் பெருக்கும் என்ற அந்த அடக்கமான வாக்கையும் 1992இல் வியட்நாமில் சோதித்துப் பார்த்தார்கள். கதிர்முடி உட்பட அந்த நாட்டு வைத்தியத்தில் நீர் பிரிய வைப்பதாகச் சொல்லப்படும் நாலு மூலிகைகள். உடல்நலமுள்ள 40 பேர். கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் எது மூலிகை, எது வெறும் போலி என்று தெரியாத ஏற்பாடு. பன்னிரண்டு மணி நேரச் சிறுநீரையும் இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரையும் பிடித்து அளந்தார்கள். போலியைக் குடித்தவர்களுக்கும் மூலிகை குடித்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. செய்தவர்கள் மூலிகையை ஒழிக்கக் கிளம்பிய அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் இல்லை. தங்கள் ஊர் வைத்தியத்தை மதித்து, அது உண்மையா என்று பார்க்க நினைத்தவர்கள்.

அப்படியானால் எங்க மாமாவுக்குப் போச்சே? பாகாலாவில் மட்டும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று கேட்பீர்கள். போயிருக்கும். அஞ்சு மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல், சிறுநீர்க் குழாயில் இறங்கிவிட்டால், மூன்றில் இரண்டு பேருக்கு ஒன்றுமே செய்யாமல் தானாக வெளியேறிவிடும். பெரும்பாலும் சில வாரங்களுக்குள். அஞ்சிலிருந்து பத்து மில்லிமீட்டர் வரை உள்ளதில்கூட ஏறக்குறைய பாதி போய்விடும். இந்த வாரங்களில் நீங்கள் எதைக் குடித்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். கதிர்முடி குடித்தால் கதிர்முடிக்கு, பீர் குடித்தால் பீருக்கு (குடிக்கிறவர்கள் இந்த வைத்தியத்தையும் மனதார நம்புகிறார்கள்), வேண்டிக்கொண்டால் சாமிக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. போகாத மூன்றில் ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதுவதில்லை. அவர் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகக் காட்பாடிக்கு ரயில் ஏறியிருப்பார்.

கஷாயம் குடித்து நன்மை அடைந்த ஒருவருக்கு அந்த நன்மை எதிலிருந்து வந்திருக்கும் என்று சொல்வது கஷ்டமில்லை. அந்த டம்ளரில் கதிர்முடியைவிடத் தண்ணீர்தான் அதிகம். லி ஷிஜென் அடிக்கடி குடிக்கச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இத்தாலியின் பார்மாவில் போர்கி குழுவினர் முதல்முறை கால்சியம் கல் வந்தவர்கள் 199 பேரை அஞ்சு வருஷம் கவனித்தார்கள். ஒரு பாதிக்கு, நாளைக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்; மற்றவர்களுக்குத் தனி அறிவுரை ஒன்றும் இல்லை. தண்ணீர் குடித்தவர்களில் 12 பேருக்கு மறுபடி கல் வந்தது, குடிக்காதவர்களில் 27 பேருக்கு. 1996இல் வெளியான முடிவு. இருக்கிற கல்லை அந்தத் தண்ணீர் கரைக்கவில்லை. வரவிருந்த கல்லில் பாதிக்கு மேல் தடுத்தது. செலவு பைசா இல்லை. வாட்ஸ்அப்பில் இது ஏன் ஓடுவதில்லை என்றால், தண்ணீருக்குச் சீனாவும் ஐயாயிரம் வருஷமும் கிடையாது.

ஆனால் தண்ணீர் குடி என்று சொல்வது எளிது. தாமலசெருவு மாங்காய் மண்டியில் மே, ஜூன் வெயிலில் கூடை சுமக்கிற பெண்ணிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். காலையில் வீட்டைவிட்டு வரும்போது ஒரு மடக்கு, மறுபடி சாயங்காலம்தான். தாகம் எடுக்காததால் இல்லை. குடித்தால் எங்கே போய் உட்காருவது என்பதால். பஸ் கண்டக்டர், லாரி ஓட்டுகிறவர், செங்கல் சூளையில் நிற்கிறவர், கழிப்பறைக்குப் பூட்டுப் போட்ட பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண் குழந்தைகள், எல்லோருக்கும் இதே கணக்குத்தான். ராயலசீமை வெயிலில் வேர்த்துக் கொட்டி, நாளெல்லாம் மஞ்சளாகக் கெட்டியாகச் சிறுநீர் போகிறவர்களுக்குக் கல் வராமல் யாருக்கு வரும்? மண்டியில் ஒரு கழிப்பறையும் ஒரு பானை நல்ல தண்ணீரும் வைத்தால் தடுக்கிற கல்லைக் கதிர்முடி மூட்டை மூட்டையாகக் கொதித்தாலும் தடுக்காது. இதைப் பஞ்சாயத்தில் போய்க் கேட்க வேண்டும். வீடியோ அனுப்புவது அதைவிடச் சுலபம்.

கெடுதல் இல்லையே, குடித்துவிட்டுப் போகட்டுமே என்பது நல்ல மனசுக்காரர்களின் வாதம். இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

ஒரு கதிரை எடுத்து உறையை மெதுவாக உரித்துப் பாருங்கள். ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு மணியில் போய் முடியும். மேலே ஆண் பூவிலிருந்து விழும் மகரந்தம் முடியின் நுனியில் ஒட்டி, அதன் உள்ளேயே குழாய் விட்டு இறங்கி, கீழே இருக்கிற சூலைச் சேர்ந்தால் ஒரு மணி. சேராத முடிக்கு மணி இல்லை; பல்லுப்போன கதிர் அப்படித்தான் உண்டாகிறது. அழகான ஏற்பாடு. ஆனால் மகரந்தம் நுழைகிற அதே வாசலில்தான் பூஞ்சையும் நுழைகிறது. கதிருக்குள் நஞ்சு சுரக்கும் பூஞ்சைகள் உள்ளே போகும் முக்கியமான பாதை இந்த முடி. பச்சைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டை இடப் பிடித்த இடமும் இதுவே. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் அமெரிக்கப் படைப்புழு முதலில் தென்பட்டு, அடுத்தடுத்து ஆந்திரம், தமிழ்நாடு என்று பரவியதிலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்காத விவசாயி அபூர்வம். மணிக்குப் பல அடுக்கு உறை இருக்கிறது. முடிக்கு ஒன்றும் கிடையாது. அடித்த மருந்து அதன்மேல்தான் நிற்கும். விவசாயி மணியை விற்கத்தான் பயிர் வைக்கிறார். தூக்கிப் போடுகிற முடியை நீங்கள் மருந்தாகக் காய்ச்சப் போகிறீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? குடித்தவர்கள் எல்லாம் விஷத்தில் விழுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. மருந்தென்று குடிப்பதை மருந்தென்று யாரும் வளர்க்கவில்லை, யாரும் சோதிக்கவில்லை என்கிறேன்.

கிட்னி ஏற்கெனவே பலவீனப்பட்டவர்கள் விஷயம் இன்னும் மோசம். கதிர்முடியில் பொட்டாசியம் கணிசமாக உண்டு. கிட்னி சரியாக இருந்தால் மிகுதியை வெளியே தள்ளிவிடும். செயலிழக்கத் தொடங்கிய கிட்னியால் தள்ள முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இளநீர் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானத்திலும் இலங்கையின் அனுராதபுரத்துப் பக்கமும் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோயில் குடும்பம் குடும்பமாகத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். 'கிட்னியைச் சுத்தம் செய்யும்' என்று வரும் செய்தி அவர்கள் கைப்பேசிக்கும் போகிறது.

செடி கெடுக்காது என்பவர்களுக்கு பிரஸ்ஸல்ஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அங்கே இளைக்கும் மருந்தில் ஒரு சீன மூலிகையைச் சேர்த்தார்கள். அதன் பேரைப் போலவே பேருள்ள வேறொரு மூலிகை இடம் மாறி வந்துவிட்டது. அது ஆடுதின்னாப்பாளையின் இனம். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் கிட்னி பாழாயிற்று. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. கதிர்முடி அந்தக் குற்றவாளி இல்லை. ஆனால் இன்று பாக்கெட்டில் வரும் 'சீன மூலிகைக் கலவை'யில் கதிர்முடியோடு வேறு என்ன கிடக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, பெரும்பாலும் விற்கிறவருக்கும் தெரியாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கெடுதல் காத்திருப்பது. ஒரு மருந்துக்கடையில் நான் நின்றிருந்தபோது ஒரு பெண் வந்து கேட்டார்: "அண்ணா, வலி மாத்திரை மட்டும் குடுங்க. கல்லுக்குப் பீச்சு காய்ச்சிக் குடிச்சிட்டிருக்கோம்."

"யாருக்கும்மா?"

"வீட்டுக்காரருக்கு. ரெண்டு மாசமா. இப்ப வலி பரவாயில்லண்ணா, ராத்திரியில குளிர் மட்டும் நடுக்குது."

கடைக்காரர் வயசானவர். மாத்திரைப் பட்டையை எடுத்த கை நின்றுவிட்டது. "அம்மா, இதுக்கு மாத்திரை நான் குடுக்க மாட்டேன். இப்பவே திருப்பதிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அவர் செய்தது சரி. குழாயில் கல் அடைத்துக்கொண்டு, தேங்கிய சிறுநீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். கிருமி சேராவிட்டாலும் நிம்மதி இல்லை. அடைப்பு நீடித்தால் கிட்னி வீங்கி, மெல்லத் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். அப்போது வலியும் குறைந்துவிடும். வலி போய்விட்டது, கல் கரைந்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொள்கிற நாளில் ஒரு கிட்னி போயிருக்கலாம். இதை ஸ்கேன்தான் சொல்லும், கஷாயம் சொல்லாது.

பாரம்பரியத்தை அவமதிக்கிறேன் என்பவர்களுக்கு ஒன்று. சுசுருதர் கல்லடைப்பைப் பற்றி விரிவாக எழுதியவர். நெய்யும் கஷாயமும் கொடுத்துப் பார்த்து, அதற்கு மசியாத கல்லுக்குக் கத்தி வைக்கச் சொன்னவர். அதிலும் எத்தனை கவலை! அறுக்காவிட்டால் சாவு நிச்சயம், அறுத்தாலும் பிழைப்பது சந்தேகம், ஆகவே மேலிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய் என்கிறார். ஈராயிரம் வருஷப் பழமை வேண்டுமென்றால் இதோ இருக்கிறது. எந்தக் கல்லும் கரையும் என்று அவர் சொல்லவில்லை. தன் மருந்து எங்கே நிற்கும் என்று தெரிந்து வைத்திருந்ததால்தான் அவர் வைத்தியர். சித்த மருத்துவத்திலும் கல்லடைப்பு, நீரடைப்பு, சதையடைப்பு என்று பிரித்துப் பார்த்துத்தான் மருந்து. நாடி பார்த்து, நீர் பார்த்து, ஆளைப் பார்த்துக் கொடுத்ததை இன்று ஆளையே பார்க்காமல் ஐந்நூறு பேர் குழுவுக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பாரம்பரியம் என்று பேர். மூலிகையில்தான் நம்பிக்கை என்றால் திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போய் உட்கார்ந்து காட்டிக் குடியுங்கள். யாரும் தடுக்கவில்லை.

பணம் இல்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்வி மட்டும்தான் எனக்கு உறைக்கிறது. கல் என்றதும் ஆயிரக்கணக்கில் பில் போட்டுத் தாளித்தவர்கள் இருக்கிறார்கள்; அந்தப் பயத்தில்தான் பலர் கதிர்முடிப் பக்கம் சாய்கிறார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் 2007இல் தொடங்கிய அரசின் ஆரோக்கியஸ்ரீ மருத்துவத் திட்டம், இன்று என்.டி.ஆர். வைத்ய சேவா என்று பேர் மாறியிருந்தாலும், கல்லெடுக்கும் சிகிச்சைகளுக்குக் கைகொடுக்கிறது. திருப்பதியில் ருயா ஆஸ்பத்திரி இருக்கிறது, ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. சித்தூர் தாண்டிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர் சி.எம்.சி.; இந்தியாவில் 1971இல் முதன்முதலாக வெற்றிகரமாகக் கிட்னி மாற்றிய இடம். எங்கே போனாலும் கூட்டம், காத்திருப்பு, முகம் கொடுத்துப் பேசாத ஊழியர்கள். அந்தக் குறைகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். அவற்றில் ஒன்றுக்குக்கூடக் கதிர்முடி பரிகாரம் இல்லை.

கடைசியாக, இதை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள். 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய வைத்தியங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. இன்னின்ன நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று அதற்கு ஒரு பட்டியல் உண்டு. பித்தப்பை, சிறுநீரகம், சிறுநீர்ப்பைக் கற்கள் அந்தப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கின்றன. அதனால் பாக்கெட்டின்மேல் 'டீ' என்று மட்டும் அச்சடித்து, உணவுப் பொருளுக்கான உரிம எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். கல் கரைகிற கதையை வீடியோவில் வேறொருவர் சொல்கிறார், வாங்கும் இணைப்பு அதன் கீழேயே இருக்கிறது. அச்சடித்தவரைக் கேட்டால் நான் டீதான் விற்கிறேன் என்பார். பேசினவரைக் கேட்டால் நான் எதையும் விற்கவில்லை என்பார். இரண்டு பேரையும் ஒரே வழக்கில் நிறுத்துவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, மாவட்ட மருந்து ஆய்வாளரின் கையெழுத்துப் போதும். அதைக் கேட்டு ஒரு மனு எழுதிக்கொடுக்க இந்த ஊரில் எத்தனை பேர் வருவார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.